தட்டின் அடியில் ஐந்து பரு

பீங்கான் கடை வைத்திருப்பவன் நாள் முழுக்கச் செய்கிற வேலை விற்பது இல்லை, தட்டிப் பார்ப்பது. வாங்கும்போது நான் தட்டுவேன். விற்கும்போது வாங்குகிறவர் தட்டுவார். விரல் கணு பட்டதும் 'ணங்' என்று இழுத்துக்கொண்டு போனால் நல்ல பொருள். 'டொக்' என்று நின்றுவிட்டால் எங்கோ கீறல். உங்களில் யாராவது பாத்திரக் கடையோ கண்ணாடிக் கடையோ வைத்துப் பட்டிருந்தால் நான் சொல்வது புரியும்: கொஞ்ச காலத்தில் மனுஷர்களையும் அப்படித்தான் பார்க்கத் தொடங்குவோம். பெண் பார்க்கப் போன இடத்தில் என் மாமனார் பேசப் பேச நான் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன், எங்காவது 'டொக்' என்கிறதா என்று.

நான் படித்ததெல்லாம் ரப்பர் தோட்டத்தில். பதின்மூன்று வயதில் கங்காணி அடித்தார், திருப்பி அடித்தேன், அன்றைக்கே மலாக்காவுக்கு நடந்தேன். தலையில் கூடை வைத்து கிளேபாங்கிலிருந்து உஜோங் பாசிர் வரை தட்டும் கோப்பையும் கூவி விற்று, கடைசியில் காஜா பேராங்கில், கம்போங் செட்டிக்குப் போகிற வழியில் ஒரு கடை பிடித்து, ஊர் வாயில் தவுக்கே, அதாவது முதலாளி, ஆனேன். கோபம் மட்டும் தோட்டத்திலிருந்து கூடவே வந்துவிட்டது.

பேர் தேய்க்கும் கல்

சண்டை முடிந்து ஜப்பான்காரன் கப்பலேறிய பிறகு என் கடையில் ஒரு தலைவலி. சண்டைக்கு முன்பே மலிவாக வாங்கிப் பரணில் போட்டிருந்த தட்டுகள் ஒரு பெட்டி நிறைய இருந்தன. ஒவ்வொன்றின் அடியிலும் ஜப்பான் என்று முத்திரை. எங்கள் பக்கத்தில் யாரையாவது பறிகொடுக்காத வீடே கிடையாது. என் அண்ணன் ஜப்பான்காரன் போட்ட சயாம் ரயில் ரோட்டு வேலைக்குப் போனவன், போனவன்தான். அந்த முத்திரையைப் பார்த்துக்கொண்டு யார் சோறு தின்பார்கள்?

ஆகவே ஒரு சாணைக்கல் வாங்கினேன். தண்ணீர் தெளித்து, கல்லை வைத்து, தட்டுக்குத் தட்டு பேரைத் தேய்த்து எடுத்தேன். தப்பு என்பீர்கள். அந்தப் பெட்டி உங்கள் பரணில் இருந்திருந்தால் நீங்களும் தேய்த்திருப்பீர்கள். 'சீனாச் சரக்கு' என்று சொல்லி அடுக்கி வைத்தேன். முதலில் வந்தவர் ஊர்ச் சீனர் வீட்டு நோன்யா அம்மாள் ஒருவர், தங்க ஊசி குத்திய கொண்டையோடு. தட்டை எடுத்தார், தட்டினார், கண்ணை மூடிக் கேட்டார், திருப்பினார், தேய்ந்த இடத்தை நகத்தால் சுரண்டினார். பிறகு தட்டை மெதுவாகக் கீழே வைத்துவிட்டுச் சொன்னார்: "பேரைத் தேய்ச்சிட்டே தவுக்கே, சரி. சத்தத்தை எதை வச்சுத் தேய்ப்பே?"

ஒரு நாள் என்னிடம் இருந்த தட்டு

லெட்சுமி அக்கா கம்போங் செட்டியில் இருப்பவர். பேர் லெட்சுமி, நெற்றியில் திருநீறு, பேச்சு முழுக்க மலாய். பல தலைமுறைக்கு முன் வந்து மலாய்க்காரர்களோடு கலந்துபோன மலாக்காச் செட்டிமார்கள் அப்படித்தான், சாமி பேரும் சமையல் சாமான் பேரும் தமிழில் வரும், மற்றதெல்லாம் மலாய். அவர் சொன்னதையெல்லாம் நான் இங்கே தமிழாக்கி எழுதுகிறேன். புருஷன் இறந்தபின் வீட்டையும் படையலையும் தனியாக நடத்துகிறவர். படையலை அவர்கள் பார்ச்சு என்பார்கள். வருஷத்தின் நடுவில் பழங்களை வைத்து ஒன்று, பொங்கலுக்கு முதல் நாள் போகியன்று சோறும் கறியும் வைத்து ஒன்று. மூத்தோர் வந்து சாப்பிடுவதாக நம்பிக்கை. அக்காவின் வீட்டில் வாழையிலையைப் பெரிய நீலப்பூத் தட்டில் விரித்து வைப்பது வழக்கம். தட்டு இரண்டு: மாமியார் வழிக்கு ஒன்று, அம்மா வழிக்கு ஒன்று. ஜப்பான்காரன் காலத்தில் வீட்டைச் சோதனை போட வந்த ஒரு சிப்பாய், துப்பாக்கிக் கட்டையால் அலமாரியைத் திறந்ததில் மாமியார் தட்டு போயிற்று. அதிலிருந்து மாமியாருக்கு எனாமல் தட்டு.

சண்டை முடிந்த சில வருஷத்தில், கை முடை வந்து, மிச்சமிருந்த தட்டை அக்கா என்னிடம் விற்கக் கொண்டுவந்தார். வாசலிலேயே எனக்குத் தெரிந்துவிட்டது, அது சாதாரணச் சரக்கு இல்லை. நடுவில் பூச்சாடி, சுற்றிலும் ஆறு கட்டம், கட்டத்துக்கு ஒரு பூ. ஒரு கட்டத்தின் ஓரத்தில் மட்டும் வரைந்தவன் கை தவறி ஒரு சொட்டு நீலம் சிந்தியிருந்தது. நல்ல பொருளைக் கண்டால் முகத்தைச் சுளிப்பதுதான் எங்கள் பாடம். திருப்பிப் பார்த்தேன். அடிவளையத்துக்கு உள்ளே ஐந்து பரு, நெல்மணி அளவுக்கு, சொரசொரவென்று. "சூளையிலேயே கெட்டது அக்கா" என்று உதட்டைப் பிதுக்கி, அந்தப் பரு ஒவ்வொன்றுக்கும் விலையை ஒரு படி இறக்கினேன். அவர் போனதும் சாணைக்கல்லை எடுத்து ஐந்தையும் தேய்த்து மழித்தேன். ஐந்தாவதில் கல் வழுக்கி, வளையம் வரை ஒரு கோடு இழுத்துவிட்டது. மறுநாள் அக்கா நான் கொடுத்த பணத்தை முந்தானையில் முடிந்தபடி திரும்ப வந்து நின்றார். தட்டைக் கொடுத்துவிடச் சொன்னார். என்ன ஆச்சு என்று கேட்டேன். "ராத்திரி அம்மா கனவுல வந்தாங்க தவுக்கே. மாமியாருக்கு ஏற்கெனவே எனாமல். அம்மாவுக்கும் எனாமல்னா, நான் செத்த பிறகு அங்கே போய் யார் பக்கத்துல உட்காருவேன்?"

திருப்பிக் கொடுத்தேன். அவர் அடியைப் பார்க்கவில்லை. நானும் சொல்லவில்லை.

குனிந்தவன்

மெர்டேக்கா என்று சுதந்திரம் கிடைத்த மறு வருஷம் ஒரு முற்பகலில், வெள்ளைச் சட்டைக்காரன் ஒருவன் ரிக்‌ஷாவிலிருந்து இறங்கினான். நாற்பது வயது இருக்கும். கையில் துணி சுற்றிய மரப்பெட்டி. சீனர் என்று நினைத்து வாய் நிறைய வரவேற்றேன். பதிலுக்கு இடுப்பை மடக்கிக் குனிந்தான். அந்தக் குனிவைப் பார்த்ததும் என் முதுகு விறைத்துவிட்டது. மூன்றரை வருஷம் ரோட்டு முனையில் காவல் நின்ற ஜப்பான் சிப்பாய்க்கு முன்னால் நாங்கள் குனிந்த குனிவு அது. குனிந்தது போதாது என்று நான் வாங்கிய அறை இன்னும் இடது காதில் இருக்கிறது.

ஒகாதா என்று பேர் சொன்னான். தெற்கு ஜப்பானில் அவன் குடும்பத்துக்குப் பீங்கான் சூளை. வெள்ளைத் தட்டில் நீலப்பூ போடுவதைத் தலைமுறை தலைமுறையாகச் செய்கிறார்கள். சிங்கப்பூரில் ஒரு கம்பெனிக்கு மாதிரி காட்ட வந்தவன், பழைய தட்டுகளைத் தேடி மலாக்கா வந்தானாம். இவ்வளவையும் மலாயில் சொன்னான். அங்கேதான் எனக்கு 'டொக்' என்றது. மலாய் எங்கே படித்தாய் என்று கேட்டேன். ஜாவாவில் என்றான். என்ன வேலை என்றேன். முதலில் சிப்பாய், அப்புறம் கைதி என்றான், தட்டின் விலையைச் சொல்வதுபோல. நான் மேசையைச் சுற்றி அவன் முகத்துக்கு நேரே வந்து, சயாமில் இருந்தாயா என்று கேட்டேன். எதற்காகக் கேட்கிறேன் என்று அவனுக்குப் புரிந்தது. "இல்லை. ஆனா நான் இல்லைன்னு சொன்னா நீங்க நம்பணும்னு கேட்க மாட்டேன்."

மண்முளை

வெளியே போ என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். அதற்குள் அவன் பெட்டியைத் திறந்துவிட்டான். மூன்று தட்டுகள். கஞ்சித் தண்ணீர் போல மெல்லிய நீலம் ஓடிய வெள்ளை. அதன்மேல் மழைக்கு முந்திய வானம் மாதிரிப் பூக்கள். தட்டினேன். அந்த 'ணங்' போகிறது, போகிறது, அடுத்த கடைத் தையல்காரர் மிஷினை நிறுத்திவிட்டு எட்டிப் பார்த்தார். வியாபாரி மனசு எவ்வளவு கேவலமானது பாருங்கள்: அண்ணனை ஒரு பக்கம் ஒதுக்கி வைத்துவிட்டு, இதில் என்ன குற்றம் கண்டுபிடிக்கலாம் என்று தேடியது. திருப்பினேன். கிடைத்தது. அதே இடத்தில் ஐந்து பரு.

எனக்கு ஒரே குஷி. சூளையில் கெட்ட கழிசலைக் கொண்டுவந்து என் தலையில் கட்டப் பார்க்கிறாயா என்று சத்தம் போட்டேன். அவன் கோபப்படவில்லை. பையிலிருந்து சுண்டுவிரல் நுனி அளவுக்கு ஐந்து மண்முளைகளை எடுத்து மேசையில் வட்டமாக நிறுத்தி, தட்டை மேலே வைத்தான். பெரிய தட்டை நெருப்பில் வைத்தால் நடுவயிறு தொங்கிவிடும். அதைத் தாங்க இந்த முளைகள். சுட்டபின் முளையைத் தட்டி எடுத்தால் முனை ஒட்டிக்கொண்டு நின்றுவிடும். சீனாக்காரர்கள் வேறு மாதிரி சுடுவார்கள், அவர்கள் தட்டில் இது இருக்காது என்றான். அந்தக் காலத்தில் அவன் குடும்பத்துத் தட்டுகள் டச்சுக்காரன் கப்பலில் இந்தப் பக்கம் வந்தன. வீட்டில் இப்போது ஒன்றுகூட இல்லை. வரைந்த காகிதம் இருக்கிறது, அதிலும் பாதியைப் பூச்சி தின்றுவிட்டது. ஒரு முழுத் தட்டைக் கண்ணால் பார்த்தால் மீதியை வரைந்துவிடலாம். இந்த ஐந்து பரு உள்ள பழைய தட்டை எங்காவது பார்த்தேனா என்று கேட்டான்.

பார்த்ததே இல்லை என்றேன். மேசைக்குக் கீழே சாணைக்கல் என் முழங்காலில் இடித்துக்கொண்டிருந்தது. அவன் தட்டுகளைத் துணியில் சுற்றினான். "இதை யாரும் ரசிக்கணும்னு நாங்க வைக்கறதில்ல தவுக்கே. தட்டு தொங்காம இருக்க வைக்கறோம். ஆனா அதைத் தடவிப் பார்த்துத்தான் எங்க தட்டை நாங்க அடையாளம் கண்டுக்கறோம்."

உடைத்தவன் செய்யட்டும்

அவன் போய்த் தொலைந்திருப்பான். அந்த நேரம் பார்த்து லெட்சுமி அக்கா விளக்குக்குச் சிம்னி வாங்க வந்தார். பாதி சுற்றிய தட்டைப் பார்த்தார். என் வீட்டில் இதே மாதிரி இருக்கிறதே என்று சொல்லிவிட்டார். நான் கண் ஜாடை காட்டினேன், யார் கவனித்தார்கள்? ஆள் யார் என்று கேட்டார். ஜப்பான்காரன் என்றேன், அதோடு போய்விடுவார் என்ற நினைப்பில். அவர் இடுப்பில் கையை வைத்துக்கொண்டு ஒகாதாவை மேலும் கீழும் பார்த்தார். மாமியார் தட்டை உடைத்தது உங்கள் ஆள். ஆகவே அதைச் செய்து தரவேண்டியதும் உங்கள் ஆள்தான் என்றார். பஞ்சாயத்து அவ்வளவுதான். பெரிய நியாயம் என்று நான் சொல்லவில்லை, ஆனால் ஒகாதா உடனே தலையாட்டினான்.

அவர் வீட்டுக்கு நானும் போனேன். போகாமல் எப்படி இருக்க முடியும்? பழப் படையல் முடிந்து சில நாள்தான் ஆகியிருந்தது. வீட்டுக்குள் இன்னும் டுரியான் வாசம். அக்கா தட்டைக் கொண்டுவந்து வைத்தார். ஒகாதா முட்டிபோட்டு உட்கார்ந்து வெகுநேரம் தொடாமலே பார்த்தான். சிந்திய அந்த ஒரு சொட்டு நீலத்தைக் கண்டதும் சிரித்தான். பிறகு தட்டைத் தூக்கி, அடியில் கட்டைவிரலை ஓட்டினான். ஒன்று. இரண்டு. மூன்று. நான்கு. ஐந்தாவது இடத்தில் விரல் நின்று, அந்தக் கோட்டின் வழியே வளையம் வரை போயிற்று. தலையைத் தூக்கினான். அக்காவைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தான். பேசியது அக்காதான்: "ஏன் தவுக்கே உங்களுக்கு இப்படி வேர்க்குது? அவன் பார்க்கறது என் வீட்டுத் தட்டைத்தானே."

ஈடு

கொண்டுபோகாமல் செய்ய முடியாது என்றான் ஒகாதா. களிமண்ணை எதிரில் வைத்து, வளைவுக்கு வளைவு ஒப்பிட்டுப் பார்க்கவேண்டும். போகிக்குள் இரண்டும் வந்துசேரும். இதைக் கேட்டதும் அக்காவின் கொழுந்தன் நாகப்பன் எழுந்தார். அரசாங்க ஆபீஸில் கிராணி, அதாவது குமாஸ்தா. காதில் எப்போதும் ஒரு பென்சில். கொண்டுபோனவன் திரும்பக் கொடுத்ததாகச் சரித்திரம் உண்டா என்று ஆரம்பித்தார். சைக்கிளைக் கொண்டுபோனார்கள், வானொலியைக் கொண்டுபோனார்கள், ஆட்களையே கொண்டுபோனார்கள். சொல்ல வெட்கமாக இருக்கிறது, எனக்கும் அதே எண்ணம்தான். ஆனால் தட்டு அங்கேயே தொலைந்துவிட்டால் என் சாணைக்கல் சமாசாரமும் அதோடு தொலையும் என்று இன்னொரு எண்ணமும் கூடவே ஓடியது. அந்த இரண்டாவது எண்ணம்தான் என்னை ஜாமீன் நிற்க வைத்தது. தட்டு வரவில்லை என்றால் என் கடையை வந்து கேளுங்கள் என்று நெஞ்சைத் தட்டினேன்.

ஜாமீன் என்றால் எனக்கும் ஓர் ஈடு வேண்டுமே. ஒகாதாவிடம் கேட்டேன். சுழலும் களிமண்ணை உள்பக்கமாக அழுத்தி வளைக்கிற ஒரு மரத்துண்டை எடுத்து நீட்டினான். ஒரு பக்கம் தேய்ந்து பாதியாகியிருந்தது. இதைக்கொண்டு தோசைகூடத் திருப்ப முடியாது, கடிகாரத்தைக் கழற்று என்றேன். கடிகாரம் வாங்கியது, இது அப்பாவுடையது என்றான். நாகப்பன் சிரித்தார். நானும் சிரித்தேன். ஒகாதா அக்காவின் பக்கம் திரும்பிக்கொண்டான். "இது இல்லாம நான் வீட்டுக்குப் போனா எங்கம்மா இன்னொண்ணு செய்னு சொல்ல மாட்டாங்க. திரும்பப் போய் எடுத்துட்டு வான்னுதான் சொல்லுவாங்க." அக்கா அந்த மரத்துண்டை வாங்கி, கண்ணில் ஒற்றிக்கொண்டு, சாமி அலமாரியில் வைத்தார்.

வராத கப்பல்

அந்த ஆறு மாதம் நான் பட்ட பாட்டைக் கடை வைத்தவர்கள் மட்டும்தான் உணர முடியும். நாகப்பன் தினமும் சாயங்காலம் சைக்கிளில் என் கடையைக் கடப்பார். நிறுத்த மாட்டார், மணியை மட்டும் இரண்டு தடவை அடிப்பார். தெருவில் எல்லோரும் அந்த மணிக்கு அர்த்தம் தெரிந்து வைத்திருந்தார்கள். வாடிக்கையாளர்கள் கோப்பை வாங்க வந்து, பேச்சோடு பேச்சாக, ஜப்பான்காரனுக்கும் உனக்கும் கூட்டு என்கிறார்களே, உண்மையா என்பார்கள். சயாமில் அண்ணனைப் பறிகொடுத்தவனைப் பார்த்து! ஒருத்தரைச் சட்டையைப் பிடித்தே தள்ளினேன். தள்ளியபின், ஒன்றும் இல்லாதவன் ஏன் இப்படித் துள்ளுகிறான் என்று பேச்சு மாறியது.

தீபாவளி போயிற்று. கிறிஸ்துமஸும் போயிற்று. சிங்கப்பூர்க் கம்பெனிக்கு எழுதிப் போட்டேன், பதில் இல்லை. அக்காவிடம் போய், இன்னும் வரவில்லை என்று நானே சொன்னேன். மற்றவர்கள் சொல்லிக் கேட்பதற்கு முன் சொல்லிவிடலாம் என்று. அவர் போகிக்காக வீட்டுச் சுவருக்குச் சுண்ணாம்பு அடித்துக்கொண்டிருந்தார். மட்டையைக் கீழே வைக்காமலே சொன்னார்: "அவன் வருவானா மாட்டானான்னு எனக்குத் தெரியாது. ஆனா நீங்க அந்தத் தட்டைப் பத்திப் பேசறப்பல்லாம் தரையைப் பார்த்தே பேசறீங்க. அது ஏன்னுதான் யோசிச்சுட்டிருக்கேன்."

இரண்டும் ஒன்று

போகிக்கு இரண்டு நாள் இருக்கும்போது பெட்டி வந்தது. என் பேருக்கு வந்தாலும் என் கடையில் பிரிக்கவில்லை. ரிக்‌ஷாவில் ஏற்றி அக்கா வீட்டுக்கே கொண்டுபோனேன், நாகப்பன் பின்னாலேயே சைக்கிளில் வர. பலகையைப் பெயர்த்து வைக்கோலை விலக்கினோம். இரண்டு தட்டுகள். அதே பூச்சாடி, அதே ஆறு கட்டம். சிந்திய சொட்டு நீலம்கூட இரண்டிலும் அதே ஓரத்தில்.

முதலில் வாய் திறந்தது நாகப்பன். இதில் எது பழசு என்று கேட்டார். யாருக்கும் சொல்லத் தெரியவில்லை. பழசு என்றால் கீறல் இருக்கும் என்பீர்கள். வருஷத்தில் இரண்டு நாள், அதுவும் வாழையிலை விரித்த தட்டு. செத்தவர்கள் கத்தியும் முள்ளும் வைத்தா சாப்பிடுகிறார்கள்? அடிவளையத்தின் ஓரத்தை மட்டும் சாய்த்துப் பார்த்தோம், இரண்டிலும் ஒரே பழுப்பு. ஜோடி சேரவேண்டும் என்று ஒகாதா தேயிலைத் தண்ணீரில் போட்டு எடுத்திருப்பார் போல. தட்டினோம், ஒரே சத்தம். நாகப்பன் காதிலிருந்த பென்சிலை எடுத்து என் மார்புக்கு நேரே நீட்டினார். இரண்டுமே நகல், அசல் இந்நேரம் டோக்கியோவில் யாரோ ஒரு பணக்காரன் வீட்டுச் சுவரில் தொங்குகிறது, இந்த ஆளுக்கு அதில் பங்கு என்றார்.

வைக்கோலுக்குள் ஒரு கடிதம் கிடந்தது. ரூமி என்கிற ஆங்கில எழுத்தில், மலாயில், என் பேருக்கு. ஜன்னல் பக்கம் திரும்பி நின்று எழுத்துக் கூட்டிப் படித்தேன். இரண்டு தடவை சூளையில் வெடித்து, மூன்றாவது தடவைதான் சரியாக வந்ததாம், தாமதத்துக்கு மன்னிப்பு. கடைசியில் இரண்டு வரி: "பழைய தட்டின் அடியில் இருக்கும் தேய்ப்பு எங்கள் குடும்பத்து வேலை அல்ல. ஆகவே அதை மட்டும் நான் நகல் எடுக்கவில்லை."

மாமியாருக்கு எது

கடிதத்தை மடித்துச் சட்டைப் பையில் போட்டேன். என்ன எழுதியிருக்கிறான் என்று நாகப்பன் கேட்டார். தாமதத்துக்கு மன்னிப்பு என்றேன். பொய் இல்லை. அக்கா இரண்டு தட்டையும் மடியில் வைத்து மாற்றி மாற்றிப் பார்த்துக்கொண்டிருந்தார். கண் கலங்கியிருந்தது. கடைசியில் இரண்டையும் தரையில் வைத்துவிட்டார். எது என்று தெரியாத தட்டில் அம்மாவுக்கு வைக்கமாட்டேன், அம்மா தேடிக்கொண்டு நிற்பார் என்றார். இருவருக்கும் எனாமலையே எடு என்று நாகப்பனிடம் சொன்னார். அவர் எனாமலை எடுக்கவில்லை, போலீஸுக்குப் போவதாகச் செருப்பை மாட்டினார்.

அந்த இடத்தில் நான் போட்ட கணக்கையும் மறைக்காமல் சொல்கிறேன். போலீஸ் என்னை என்ன செய்யும்? ஒரு தட்டு போய், இரண்டு தட்டு வந்திருக்கிறது. நான் வாயைத் திறக்காவிட்டால் பழி முழுக்க ஜப்பான்காரர் மேல் விழும். அவர் எங்கோ கடல் தாண்டி இருக்கிறார். ஜப்பான்காரன் ஏமாற்றிவிட்டான் என்று சொன்னால் இந்த ஊரில் ஏன், எப்படி என்று எவன் கேட்பான்? இவ்வளவு பத்திரமான பொய் என் வியாபாரத்தில் எனக்கு அதற்கு முன் கிடைத்ததில்லை.

எனக்குக் கோபம் வந்துவிட்டது. யார்மேல் என்று தெரியவில்லை. வழக்கம்போல நாகப்பன்மேல் காட்டினேன். உட்காரும் ஐயா என்று கத்தினேன். இரண்டு தட்டையும் கவிழ்த்து, அக்காவின் கட்டைவிரலைப் பிடித்து முதல் தட்டின் அடியில் ஓட்டினேன். ஐந்து பரு, கூர்மையாக. அடுத்ததில் ஓட்டினேன். ஐந்து வழுக்கை, ஐந்தாவதிலிருந்து ஒரு கோடு. இதுதான் உங்கள் அம்மாவுடையது என்றேன். எப்படித் தெரியும் என்று கேட்டார். கடிதத்தை எடுத்து உரக்கப் படித்தேன். பிறகு, அந்தத் தட்டு என் கடையில் இருந்த அந்த ஒரு நாளைப் பற்றிச் சொன்னேன்: பருவைக் காட்டி விலையை இறக்கியது, சாணைக்கல், வழுக்கிய கை. ஒகாதாவுக்கு இது முதல் நாளே தெரியும், என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை என்பதையும் சொன்னேன். தரையைப் பார்க்காமல்தான் சொன்னேன், கஷ்டமாக இருந்தது.

நாகப்பன் அடிக்க வருவார் என்று நினைத்தேன். அவர் பென்சிலைக் காதில் செருகிக்கொண்டு ஜன்னல் வழியே வெளியே பார்த்தார். அக்கா என்னைத் திட்டவில்லை, மன்னிக்கிறேன் என்றும் சொல்லவில்லை. சாமி அலமாரியிலிருந்து அந்த மரத்துண்டை எடுத்துவந்து, நாளைக்கே அனுப்பிவிட வேண்டும், தபால் செலவு தவுக்கேயுடையது என்றார். பிறகு மறுபடி உட்கார்ந்து, இரண்டு தட்டின் அடியையும் இரண்டு கட்டைவிரலால் ஒரே சமயத்தில் தடவிக்கொண்டே சொன்னார்: "மாமியாருக்குப் புதுசை வைக்கறேன். அவங்க எதைக் கொடுத்தாலும் திருப்பிப் பார்க்கறவங்க. நீங்க தேய்ச்சது அம்மாவுக்கே இருக்கட்டும், அவங்க பார்த்தாலும் வெளியே சொல்ல மாட்டாங்க."

அம்மா சொல்லவில்லை, லெட்சுமி அக்கா சொல்லிவிட்டார் போலிருக்கிறது: இன்றைக்கு என் கடைக்கு வருகிற யாரும் தட்டைத் தட்டிப் பார்ப்பதில்லை, திருப்பி அடியில் கட்டைவிரலை ஓட்டுகிறார்கள், அப்புறம் தலையைத் தூக்கி என் முகத்தைப் பார்க்கிறார்கள்.